அம்பாந்தோட்டை பற்றிய நான்காம் அத்தியாயம்

2025 மே 6, பலெர்மோ

முதலில் மன்னிப்பு. முதுகலை ஆய்வேட்டை எழுதவேண்டிய நேரத்தில் எனக்கென்று எழுதுவது கொஞ்சம் கள்ளத்தனம்தான். ஆனால் இன்று பேசவேண்டிய இடத்தில் பேசாமல் வந்துவிட்டேன். எங்காவது சொல்லியாக வேண்டும்.

சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைப் பற்றி இத்தாலியப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்பதுதான் என் ஆய்வு. பரிசீலகர் மூன்று அத்தியாயங்களைப் புகழ்ந்தார். நான்காவதை விரலால் தட்டினார். "இது ஆய்வு இல்லை, சீனாவுக்கு வக்காலத்து. எடுத்துவிடுங்கள்."

சரி என்று தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மே 7

திரும்ப வாசித்தேன். வக்காலத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

மே 18, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது பவுல் மாமா பிடித்துக்கொண்டார். "என்னடி, சைனாக்காரனுக்குக் கட்சி கட்டுறியாம்? அவங்கள் நாட்டையே வாங்கிப்போட்டாங்கள்!"

விற்றது யார் மாமா? — வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

சீனாவின் 'கடன்பொறி' என்று பத்திரிகைகள் சொல்லச் சொல்லக் கையெழுத்து வைத்த கொழும்புக்காரர்கள் தப்பிவிடுகிறார்கள். துறைமுகத்தை ஒட்டிய தொழிற்பேட்டைக்கு நிலம் தரமாட்டோம் என்று தெருவுக்கு வந்த சனம், நான் எடுத்த கட்டுரைகள் ஒன்றிலும் வாய் திறக்கவில்லை. நான்காம் அத்தியாயம் அவ்வளவுதான் சொல்கிறது.

மே 26

வழிகாட்டிப் பேராசிரியை சொன்னார்: "வைக்கலாம். ஆனால் வாய்மொழித் தேர்வில் அவர் கேட்பார். நீதான் பதில் சொல்லவேண்டும். தடுமாறினால் முழுப் புள்ளி போய்விடும்."

முழுப் புள்ளி இல்லாமல் முனைவர் படிப்புக்கு இடம் கிடைக்காது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எனக்காகச் சிபாரிசு சொல்ல யாரைத் தெரியும்?

வைக்கிறேன் என்றேன். அவருக்குக் கேட்டதோ தெரியாது.

யூன் 29

அம்மாவுக்கு முன்னால் ஒத்திகை. இரண்டாவது வசனத்திலேயே குரல் இறங்கிவிட்டது. "ரீவி எண்டாச் சத்தத்தைக் கூட்டலாம். உன்னை நான் என்ன செய்யிறது பிள்ளை?"

யூலை 17

வென்றேன்!

தேர்வு மண்டபத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு வரிசை. அம்மா ஒரு பெட்டி சைனீஸ் ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார். "தலைப்புக்கேத்த சாப்பாடு," என்றார் பவுல் மாமா.

பரிசீலகர் கேட்டார்: "அப்படியானால் சீனா குற்றமற்றது என்கிறீர்களா?"

என் வாய் தானாகவே தொடங்கியது: "அவர் என்ன சொல்கிறார் என்றால்…"

எவர்? நான்தான்! சின்ன வயதிலிருந்து கெஸ்தூரா பொலிஸ் கந்தோரில், ஆஸ்பத்திரியில், எங்கள் ஆட்களுக்காக இத்தாலியனில் மொழிபெயர்க்கும்போது அப்படியே தொடங்கிப் பழகிய வாய். நான் வழக்கமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் கிளறா அக்கா பலமாகச் சிரித்துவிட்டார். மண்டபமும் சிரித்தது. எனக்குப் பயம் போய்விட்டது. மற்றவர்களுக்காக நான் ஒருநாளும் மெதுவாகப் பேசியதில்லையே. சரி, நிலம் தரமாட்டோம் என்ற அந்தச் சனத்துக்காகப் பேசுகிறேன் என்று தொடர்ந்தேன்.

"குற்றமற்றது என்று நான் எழுதவில்லை. சீனா தன் இலாபத்தைப் பார்த்துத்தான் கொடுத்தது. ஆனால் இத்தாலி சீனாவின் பட்டுப்பாதைத் திட்டத்தில் சேர்ந்தபோது, 'இத்தாலி முடிவெடுத்தது' என்று எழுதினார்கள். விலகியபோதும் அப்படியே. இலங்கை மட்டும் கடன்பொறியில் 'விழுந்தது'. விழுந்தவனிடம் யாரும் பொறுப்புக் கேட்பதில்லை. கையெழுத்து வைத்தவர்களிடம் கேட்கவேண்டும். அதற்கு விலை கொடுத்த சனத்தையும் பேச விடவேண்டும்."

பரிசீலகர் நான்காம் அத்தியாயத்தைப் புரட்டினார். "இதை அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கவேண்டும்."

நூற்றுப்பத்துக்கு நூற்றுப்பத்து, அதற்கு மேல் சிறப்புப் பாராட்டும்! பட்டதாரிக்குச் சூட்டும் லாரல் இலைக் கிரீடத்தை அப்பா தலைகீழாக வைத்துவிட்டார். எல்லாப் படத்திலும் அப்படியேதான் நிற்கிறேன்.

யூலை 20, ஞாயிறு

கோயில் வாசலில் பவுல் மாமா யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்: "கையெழுத்து வைச்சவன் ஆர் எண்டு முதல்ல கேளுங்கோ!"

"மாமா, அது என்ர கதை," என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

செப்ரெம்பர் 22

முனைவர் படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்துவிட்டது. அடுத்த வருடம் அம்பாந்தோட்டையில் நேரில் விசாரிக்கவேண்டும். நானோ இலங்கையைக் கண்டதே இல்லை.

"போ பிள்ளை, ஆர் மறிச்சது?" என்றார் அப்பா. சண்டைக் காலத்தில் மன்னாரை விட்டு வந்தவர், பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. அது தெரிந்ததால்தான் இவ்வளவு நாளும் கேட்கவில்லை. இன்று அவர் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போடும்போது கேட்டுவிட்டேன்.

"அப்பா, அங்கை சனம் சிங்களம்தான் கதைக்கும். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என்னோட வந்து எனக்காகக் கதைப்பீங்களே?"