வாய் பேசாத பூதம்

இன்று காலை வேலூர் அச்சுக்கூடத்திலிருந்து என் பூதக் கதை தோல் அட்டை போட்டு வந்திருக்கிறது. கட்டைப் பிரித்தவுடன் ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலின் வாடை குப்பென்று அடித்தது. நீ பின்னால் வந்து நிற்கிறாய் என்றே நினைத்துவிட்டேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நீ போய் ஆறு வருஷம் ஆகிறது.

அந்தப் பூதத்துக்கு உருவம் கொடுக்க நான் ஒன்றும் சிரமப்படவில்லை. கடுக்காய்க் கறையில் கறுத்த நகம், ஆள் வருவதற்கு முன்பே வந்துவிடும் தோல் வாடை, இரண்டும் உன்னுடையவை. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்து, பிறகு ஆம்பூர் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலைக்குச் சேர்ந்தவன் நீ. கதையை வாசித்துவிட்டு நீ கோபிக்கக்கூட இல்லை.

"இன்னாடா, என்னையே எழுதி வெச்சிருக்கே. அது ஊருக்குள்ள இன்னாத்துக்கு வருதுன்னு கேட்டியா?"

"புள்ளைங்களத் தின்ற பூதம்டா. அதுகிட்ட கேக்க இன்னா இருக்குது?"

"தின்னது தப்புதான், நான் இல்லேங்கல. மொத நாளே தின்னத்தான் வந்துச்சா? அதுக்கு வாயே குடுக்காம வுட்டுட்டியே."

பேசினால் பயம் குறைந்துவிடும் என்று பெரிய எழுத்தாளன் போலச் சொன்னேன். அப்போது எனக்குத் தலைக்கனம்.

என் புத்தகம் ஊரூராகப் பரவிய அந்தச் சித்திரையில் நெமிலிப் பக்கம் ஷாப்புக்குத் தோல் வாங்கப் போனாய். உச்சி வெயிலில் தண்ணீர் கேட்டு ஒரு கதவைத் தட்டினாயாம். எட்டிப் பார்த்த பிள்ளை உன் நகத்தைக் கண்டு வீறிட்டது. தெரு முழுக்கக் கதவுகள் சாத்திக்கொண்டன. பூதம் வந்தால் சொல்ல வேண்டும் என்று நான் கதையில் எழுதிய வரியை, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் பிள்ளைகள் சேர்ந்து முணுமுணுத்தார்களாம்: "வந்த வழியே போ, பேர் சொல்லாமப் போ."

சிரித்துக்கொண்டே சொல்லி வந்தவன் அந்த இடத்தில் நிறுத்தினாய்.

"மூணாவது கதவாண்ட நான் ஓன்னு ஒரு சத்தம் போட்டேன்டா. உள்ள எல்லாம் அழுதுச்சுங்க. எனக்கு நல்லா இருந்துச்சு. தாகமே தெரியல. இன்னும் ஜாஸ்தியா அழட்டும்னு நின்னேன்." புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாய். "அதான் பேஜாரா இருக்குது. நான் அப்படிப்பட்டவன் இல்லடா. ஒரு வரி எழுது. அது மொதல்ல தண்ணி கேக்கட்டும்."

அடுத்த பதிப்பில் எழுதுகிறேன் என்றேன். அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நான் எழுதவில்லை. கடைசியாகக் காய்ச்சலில் கிடந்தபோது, "எழுதிட்டியா?" என்று கேட்டாய். எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னேன். நம்பிக் கண்ணை மூடிக்கொண்டாய். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இந்தப் பதிப்பில்தான் அந்த வரி இருக்கிறது. பூதம் கதவைத் தட்டி, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்கிறது. யாரும் திறப்பதில்லை. மறுநாள்தான் அது தின்ன வருகிறது. அச்சுக்கு அனுப்புமுன் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். பயம் குறையும் என்று நினைத்தேனே, பெரியவர்களே அந்த இடத்தில் வெளிறிப் போனார்கள். அது கெட்டதா, இல்லை பாவமா என்று கேட்டார்கள். ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சுக்கு அனுப்பினேன்.

அந்த வரியை மட்டும் என் குரலில் என்னால் வாசிக்க முடிவதில்லை. வாயைத் திறந்தால் நீதான் தண்ணீர் கேட்கிறாய். புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு போய்த் தெருக்கதவைத் திறக்கிறேன். வெளியே யாரும் இல்லை.