ஆள் குடியிருக்கும் வீடு

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கும் எட்டிப் பார்த்துவிட்டார்கள். தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, ஜன்னலில் மூக்கை அப்பிக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான். உள்ளே நான் இவருக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். திரையைச் சடாரென்று இழுத்துவிட்டு வெளியே போய்க் கத்தினேன். "ஐயோ, மன்னிச்சிருங்க. ஆள் இருக்கறதே தெரியல. ஏழாம் நம்பர்னு போர்டு இருந்துச்சா, அதான்..." என்று இழுத்தான்.

போர்டில் இருப்பது இவ்வளவுதான்: பழைய பண்ணை வீடு, அசல் கல் நிலைவாசல், சைக்கிள் பாதையில் ஏழாவது நிறுத்தம், அடுத்தது பறவைகள் புகலிடம். உள்ளே இரண்டு உயிர் கிடந்து அல்லாடுவதை யாரும் எழுதவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து நானே எழுதிக் கதவில் தொங்கவிட்டேன். ஆள் குடியிருக்கும் வீடு. எட்டிப் பார்க்காதீர்கள்.

இவர் நாற்காலிக் கையை ஒரு தட்டு தட்டினார். சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். போன இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சும் போனது, வலது பக்கமும் போனது. மிச்சம் அந்த இடது கை ஒன்றுதான். பசித்தாலும் தட்டு, ஒன்றுக்கு வந்தாலும் தட்டு, என்மேல் எரிச்சல் வந்தாலும் தட்டு.

மார்ச் 11

மகள் போன் செய்தாள். "டவுன்ல அந்த முதியோர் இல்லத்துல ஒரு ரூம் காலியாகுதாம்மா. சொல்லி வெக்கட்டுமா?"

"உங்கப்பா என்னடி, பழைய சோபாவா? கொண்டுபோய்ப் போட்டுட்டு வர?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து ஒரு நாள் வெயில் பாத்திருக்காராம்மா? ஒரே ரூம்ல அடைச்சு வெச்சிருக்க. அதுக்குப் பேரு என்ன?"

சுருக்கென்றது. சக்கர நாற்காலி அந்தக் கல் நிலைவாசலில் நுழையாது. மடக்கினால் நுழையும், ஆனால் இவரைத் தூக்க என்னால் முடியுமா? பிள்ளையைப் பெற்றவள், பசுவுக்குப் பிரசவம் பார்த்தவள், இப்போது புருஷனை ஒரு வாசல் தாண்டித் தூக்க முடியவில்லை.

கடைசியில் அவளே இறங்கி வந்தாள். "மே மாசத்துக்குள்ள அப்பாவ வெளிய கூட்டிட்டுப் போக ஒரு வழி பண்ணு. பண்ணிட்டேன்னா நான் இதப் பத்தி வாயே திறக்கல." சரி என்றேன். வேறென்ன சொல்ல.

மார்ச் 18

பாரம்பரியக் கட்டட அலுவலர் வந்தார். நான் மனதுக்குள் டேப்பு என்றுதான் கூப்பிடுவது. எப்போதும் இடுப்பில் அளவு டேப் தொங்கும். வாசலை அளந்தார். ஏற்கெனவே அளந்து வைத்திருப்பதைத் திரும்ப அளந்தார். கல் என்ன வளரவா போகிறது?

"நிலைவாசல்ல மட்டும் கை வைக்க முடியாதுங்கம்மா. அதுக்காகத்தான் இந்த வீடே பட்டியல்ல இருக்கு."

"பக்கத்துச் சுவத்த இடிச்சு ஒரு கதவு?"

"ரோட்டிலேர்ந்து தெரியற எதையும் மாத்தக் கூடாது."

"ரோட்டிலேர்ந்து நாங்க தெரியறோமாங்க?"

மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். நல்லவர்தான். போகும்போது மெதுவாகச் சொன்னார்: "பட்டியல்ல சேக்கச் சொல்லி மனு குடுத்தது உங்க வீட்டுக்காரர்தாம்மா. அவரு அன்னிக்கு அலையலைன்னா இந்த இடத்துல இப்ப லாரி ஓடிட்டிருக்கும்."

எனக்குத் தெரியாதா? நெடுஞ்சாலை வருகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஆபீஸ் ஆபீஸாக நாயாய் அலைந்தார். போர்டு நட்ட அன்று சட்டையைக் கழற்றி அதைத் துடைத்தார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு பூரிப்பை நான் பார்க்கவில்லை. பொறாமையாக இருந்தது என்று சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். இன்று உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டவில்லை.

மார்ச் 20

நாள் முழுக்க நிலைவாசலைத் திட்டித் தீர்த்தேன். கல்லுக்கு உறைத்தால்தானே.

மார்ச் 27

வழி இருக்கிறது! எனக்கு ஏன் முன்னாடியே தோன்றவில்லை? சமையலறையிலிருந்து மாட்டுக்கொட்டகைக்குப் போகும் கதவு அகலமானது. படியில் பலகை போட்டால் போதும். கொட்டகையின் பெரிய கதவைத் திறந்தால் நேரே புல்வெளி, அந்தப் பக்கம் குளம். மாடே போய் வந்த வழியில் மனுஷன் போக முடியாதா?

சாயங்காலம் புகலிடத்தின் காவலர் வந்தாள். சின்னப் பெண், மழையானாலும் வெயிலானாலும் தலையில் ஒரு தொப்பி. விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"ஜூலை முடியற வரைக்கும் புல்வெளிக்குள்ள யாருமே இறங்கக் கூடாதும்மா. ஆள்காட்டிக் குருவி முட்டையிடற நேரம். தரையிலதானே வெக்கும்."

"முன்னாடி போனா கல்லு விடமாட்டேங்குது, பின்னாடி போனா குருவி விடமாட்டேங்குது. நாங்க புகைபோக்கி வழியாத்தான் போகணுமா?"

சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. "ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி நானே வந்து தள்றேன், சத்தியமா" என்றாள். ஆகஸ்ட். மகள் சொன்னது மே.

அந்தப் புல்வெளியைப் பறவைகளுக்கென்று எழுதிக் கொடுத்ததும் இவர்தான். ஊருக்கெல்லாம் நல்லவர்.

ஏப்ரல் 6

பழைய தீவனத் தொட்டியை உடைத்து, பலகையை நானே அறைந்து சரிவு செய்துவிட்டேன். கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது, போகட்டும். வெறும் நாற்காலியை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். போகிறது, வருகிறது.

கொட்டகைக் கதவிலிருந்து புல்வெளியை நன்றாகப் பார்த்தேன். எங்கேயும் குச்சி இல்லை. இவர் புல் வெட்டின காலத்தில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூடு தேடுவார். கண்டதும் இரண்டு பக்கமும் குச்சி நடுவார். மெஷின் அதைச் சுற்றிப் போகும். இங்கே பண்ணை வைத்திருந்த எல்லோருக்கும் அதுதான் வழக்கம். குச்சி இருந்தால் கூடு. குச்சி இல்லையென்றால் வெறும் புல்.

புல்வெளியின் ஓரமாகவே குளம் வரை போய்த் திரும்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? பறவையின் பக்கமே போகப்போவதில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதவா வேண்டாமா. எழுதிவிடுகிறேன்.

காலையில் நல்ல வெயில். இவருக்கு நீலச் சட்டை போட்டுவிட்டு, தலை வாரி, "வாங்க, உங்க குளத்தப் பாத்துட்டு வரலாம்" என்றேன். கண் அப்படியே பெரிதானது. பலகையில் இறக்கினேன், கொட்டகையைத் தாண்டினேன், கதவைத் திறந்தேன். முகத்தில் வெயில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர். ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன். மகளுக்கு போட்டோ எடுத்து அனுப்பணும்னு நெனச்சேன்.

பாதி தூரம் போயிருப்போம். ஆள்காட்டி ஒன்று எழும்பிக் கத்தியது, தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றி. இவர் நாற்காலியைத் தட்ட ஆரம்பித்தார். குருவியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன். "ஆமாங்க, உங்க குருவிதான்" என்று சொல்லிக்கொண்டே தள்ளினேன். இன்னும் வேகமாகத் தட்டினார். படபடவென்று, கை சிவக்கச் சிவக்க. அப்போதாவது நின்றேனா? பாவி, நிக்கலியே. பறவை இறக்கை ஒடிந்த மாதிரி கொஞ்ச தூரத்தில் விழுந்து இழுத்துக்கொண்டு போனது. அது கூட்டிலிருந்து நம்மை வேறு பக்கம் இழுக்கும் நாடகம் என்று எத்தனை தடவை இவரே சொல்லியிருப்பார்.

சக்கரத்துக்கு அடியில் மெல்லிய சத்தம்தான். நாலு முட்டை. மூணு போச்சு. நாலாவது சக்கரத்தடத்தை ஒட்டிக் கிடந்தது, முழுசாக.

இவர் தட்டுவதை நிறுத்திவிட்டார். அழுதார். வாய் கோணி, சத்தமில்லாமல். தன்னைப் பெற்ற அம்மா செத்தபோதுகூட இவர் அழுததில்லை.

குச்சி இல்லையே. குச்சி இல்லையேன்னுதானே போனேன்.

ஏப்ரல் 14

நானே தொப்பிக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"குச்சி நட்டு ரொம்ப வருஷமாச்சும்மா. குச்சி இருந்தா அங்க முட்டை இருக்குன்னு காக்கா கத்துக்கிடுச்சு. நேரா வந்து கொத்திட்டுப் போயிடும். இப்ப எல்லாத்தையும் போன்லயே குறிச்சு வெச்சுக்கறோம்."

"இவருக்குத் தெரியுமா?"

"அவருதாம்மா முதல்ல கண்டுபிடிச்சு எங்ககிட்ட சொன்னாரு."

என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருப்பாரோ? சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு காதில் வாங்காமல் விட்டேனோ என்னவோ.

மிச்சமிருந்த ஒரு முட்டைக்கும் பறவை திரும்பவில்லை என்றாள்.

ஏப்ரல் 19

தட்டவில்லை.

ஏப்ரல் 24

பசித்தாலும் தட்டுவதில்லை. நனைந்தாலும் தட்டுவதில்லை. நானாகத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். ஸ்பூனை வாயருகே கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். "என்னை அடிங்க, அந்தக் கையால ஒரு அறை விடுங்க, வாங்கிக்கறேன்" என்றேன். கை மடியிலேயே கிடந்தது.

வெளியே யாரோ அட்டையைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

மே 2

மகள் வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் பையைக்கூட இறக்காமல் நின்றுவிட்டாள். பாதி ஆளாகிவிட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர் காலடியில் உட்கார்ந்து, "அப்பா, அங்க பெரிய தோட்டம் இருக்குப்பா. தினம் வெளிய கூட்டிட்டுப் போவாங்க. வர்றீங்களா?" என்று கேட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டு. இத்தனை நாளில் முதல் தட்டு.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் இவர் துணிகளை எடுத்துவைக்க ஆரம்பித்தேன்.

மே 10, சனி

சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பேர் தூக்கி, நிலைவாசல் வழியாகவே கொண்டுபோனார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா ஒரு சைக்கிள் கூட்டம் வரவேண்டும். போட்டோவுக்குக் கூடின கும்பல், விஷயம் புரிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றது.

வாசலில் வந்ததும் இடது கையால் கல்லைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு பலம் அந்தக் கைக்கு! தூக்குகிறவர்கள் தடுமாறினார்கள். மகள் "அப்பா, அப்பா" என்கிறாள். யாருக்கும் கை வைக்கத் தைரியம் இல்லை. நான்தான் போனேன். விரல் விரலாகப் பிரித்தேன். "விடுங்க, கல்லு எங்கயும் போகாது" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை.

ஜூன் 15

அங்கே எல்லாக் கதவும் அகலம். இரண்டு நாற்காலி பக்கத்தில் பக்கத்தில் போகலாம். போவதற்குத்தான் இடமில்லை, தோட்டம் என்பது நாலு ரோஜாச் செடியும் ஒரு மதிலும்.

இவருடைய பழைய சைக்கிளில்தான் போய்வருகிறேன். சைக்கிள் பாதையின் பச்சை அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டே போனால் கடைசி நிறுத்தம் அந்த இல்லத்துக்கு எதிரே. இந்தப் பாதையில் ஒரு நாளும் போனதில்லை நான். எட்டாவது பறவைகள் புகலிடத்தின் நாணல் காடு, ஒன்பதாவது கூரை சரிந்த இன்னொரு பண்ணை வீடு. அங்கே ஜன்னலில் திரை இல்லை. நானும் எட்டிப் பார்த்தேன்.

கிளம்பும்போது இவர் தட்டினார். திரும்பிப் போய் உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன், மறுபடி தட்டு. கடைசி வரை அப்படியே. இந்தத் தட்டு என்னவென்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இல்லத்தில் எனக்கும் சேர்த்து இருவர் தங்கும் அறை போன வாரம் கிடைத்தது. இன்று மிச்சத் துணியை எடுக்க வந்தேன். புல்வெளி வெட்டிக் கிடந்தது. தொப்பிக்காரப் பெண் சொன்னபடி ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வந்து கதவைத் தட்டிப் பார்த்தாளாம், நான் இவரைப் பார்க்கப் போயிருந்த நேரம்.

சாமான்களைத் துணிபோட்டு மூடினேன். கொட்டகைப் பலகையைப் பிரிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும். பூட்டிவிட்டுத் திரும்பினால் ஒரு இளம் ஜோடி சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிறார்கள். அந்தப் பெண் அட்டையைப் படித்துவிட்டு, "உள்ள ஆள் இருக்காங்களா ஆன்ட்டி? சும்மா ஒரு தடவை பாக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அட்டையைக் கழற்றி நாலாக மடித்துப் பையில் வைத்தேன்.

"இல்லம்மா. யாரும் இல்ல. நல்லாப் பாத்துக்குங்க."

அவள் ஜன்னலில் கையைக் குவித்து எட்டிப் பார்த்தாள். நான் சைக்கிளில் ஏறி அம்புக்குறி காட்டிய பக்கமாகப் போனேன். சாயங்கால டீக்குள் போய்ச் சேரவேண்டும். லேட்டானால் தட்ட ஆரம்பித்துவிடுவார்.