பிழையை விழுங்கச் சொன்னது நான்

தங்கச்சி,

நேற்று உங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், திருவிழாவன்று சோறு குறைந்தது உன் தவறல்ல, என் தவறு என்று கோயில் தலைவரிடம் சொல்லிவிட்டேன். நீ கண்ணை மூடி நாற்பத்தொரு நாள் கழித்து.

இன்று காலை பட்டிப்பொல கடைக்காரர் கூப்பிட்டார். ஃபோனில், உன் ஆப்பில் சிவப்பு எழுத்து வந்திருக்கிறது என்று வாசித்துக் காட்டினார்: "ஆர்டர் போய்ச் சேரவில்லை. சிக்னல் இல்லை. எழுதியது அழியவில்லை, கடைக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்." நீ எழுதிய வாசகம். அவர் அரிசி, மா, பருப்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் பேனாவைப் பிடித்தபடி ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

ஹட்டனில் என் மொத்த வியாபாரக் கடைக்கு நீ அந்த ஆப்பைச் செய்து தந்த நாட்களில் நாம் சண்டை போடாத நாள் குறைவு. கொழும்புக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தாய். தோட்டக் கடைக்காரர்கள் ஃபோனில் ஆர்டர் போட்டால் மறுநாள் என் வேன் போகும், அவ்வளவுதான் ஏற்பாடு. முதல் வாரமே சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயந்து இரண்டு பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

"பொத்தான அமுக்குனதும் சரின்னு காட்டிரு. பெழ வந்தா முழுங்கிரு" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும், பதில் பிறகுதான் வரும், அது நல்லதா கெட்டதா என்று தெரியும் முன்னே சரி என்று காட்டுவது பொய் என்று விளக்கினாய். கடை என்னுடையது என்றேன். கடைசியில், பிழை வந்தால் பிடித்துக் காட்டும் இடத்தைக் காலியாக வைத்து எழுதித் தந்தாய். "பொய் சொல்றது ஒங்க யாவாரப் பழக்கம்ணே. நான் எழுதுனது இதுவரைக்கும் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய்.

அக்கரப்பத்தனைப் பக்கம் உங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. அன்னதானச் சாமானுக்கு முந்தின நாள் தலைவர்தான் ஆர்டர் போட்டார், சிக்னல் விட்டு விட்டு வரும் மேட்டு லயத்து வீட்டு வரிசையில் நின்றுகொண்டு. சரி என்று காட்டியது. எனக்கு எதுவும் வந்து சேரவில்லை. கடை மொதலாளி சரி என்ற பிறகு மறுபடி கேட்டால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம். தோட்டத்தில் அது பழக்கம். அதனால் ஒருவரும் கேட்கவில்லை. திருவிழாவன்று பதினொரு மணிக்குத்தான் நீ கூப்பிட்டாய். வேன் அந்தப் பாதையில் ஏறிச் சேர்வதற்குள், இருந்ததைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள்.

அந்த வருஷம் பரிமாறும் முறை உங்கள் வீட்டுக்கு. கரண்டியோடு நீ நிற்கும்போதே ஒருத்தி சொன்னாளாம்: "கொழும்புல இருந்த புள்ள செஞ்ச மெசினு, ஆத்தா சோத்துலயே மண்ணப் போட்டுருச்சு." அதற்குப் பிறகு உங்கள் வீட்டு முறையை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீங்க வந்து சொல்லுங்கண்ணே. நான் சொன்னா தப்பிக்கப் பாக்குற மாதிரி இருக்கும்."

சரி என்றேன். மழை விடட்டும் என்றேன், தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்றேன். உண்மை வேறு. நான் சொல்லித்தான் பிழையை மறைத்தாய் என்று தெரிந்தால், தங்கள் ஆர்டரில் எத்தனையை விழுங்கினீர்கள் என்று எல்லாக் கடைக்காரர்களும் என்னைக் கேட்பார்கள்.

நீ அதற்குள் ஆப் முழுவதையும், ஃபங்ஷனல் என்று நீ சொன்ன முறையில் திருப்பி எழுதினாய். என் மேசையில் இரண்டு தராசுத் தட்டை வைத்துக் காட்டினாய். ஒவ்வொரு வேலையும் வலது தட்டில் விடையைத் தரும், இல்லாவிட்டால் இடது தட்டில் பிழையைத் தரும். இடதில் வந்துவிட்டால் அடுத்தடுத்த வேலைகள் அதில் கை வைக்காமல் கடைசிவரை கடத்திவிடும். கடைசியில் இரண்டு தட்டுக்கும் பதில் எழுதாமல் வேலை முடியாது.

"பெழையும் ஒரு சரக்குதாண்ணே. நடு வழியில எறக்கிட்டு வர முடியாது. கடைசி ஆளு வாங்கித்தான் ஆகணும்."

"அந்தக் கடைசி ஆளு யாரு?"

"பாத்தா தெரியல?" என்று என் முகத்தையே பார்த்தாய். நான் தட்டுகளை எடுத்துத் தராசில் மாட்டினேன்.

பிறகு உனக்கு நோய். ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். நீ எதையும் கேட்கவில்லை. நான் புதிதாக வந்த சிக்னல் கோபுரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். எந்தச் சரக்கையும் விற்கத் தெரிந்த எனக்கு, தவறு என்னுடையது என்ற அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை.

நேற்று தலைவர் கடைசிவரை கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்துப் போயிருந்தேன்.

"அந்தப் புள்ள இருக்கறப்ப சொல்லியிருந்தீங்கன்னா கரண்டிய அது கையில குடுத்திருப்போம் மொதலாளி. இப்ப யாருகிட்ட குடுக்கிறது?"

இனி வருஷா வருஷம் சாமானை இனாமாகத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். உன் ஆப் இப்போது பொய் சொல்லாது என்று சொல்லிப் பார்த்தேன், அதையும் வேண்டாம் என்றார். கடைசியில் அவர் சொன்னபடி பேசி முடித்தோம்: சாமான் கடை விலைக்கே, பாதிப் பணம் முன்னால், மீதி இறக்கிய பிறகு, ஃபோனில் ஆர்டர் கிடையாது, திருவிழாவுக்குப் பத்து நாள் முன் நானே தோட்டத்துக்கு வந்து கையால் எழுதிக்கொள்ள வேண்டும், அன்னதானத்தன்று கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை நான் அங்கேயே நிற்க வேண்டும்.