ஈரக்குடை என்று ஒரு படமே கிடையாது

பிரியமுள்ள செல்வதாஸ் அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கல்லறைக்கு வரும்போதெல்லாம் அக்காவுக்குத் துணையாகப் பூவை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். இப்போது சொல்வதற்கு ஒரு சேதி இருக்கிறது. அதைக் கல்லறைப் பக்கம் நின்று சத்தமாகச் சொன்னால் பள்ளியில் ஆராதனைக்கு வருகிறவர்கள் எனக்கு மண்டைக்குச் சுகமில்லை என்பார்கள். அதனால் எழுதுகிறேன், ஊரும் படிக்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் கேளுங்கள். முப்பது வருஷம் கீபோர்டுக்குப் பின்னால் நின்று புருவத்தைத் தூக்கியே என்னை ஆட்டிவைத்தீர்கள். இன்று கொழுந்தியாளின் முறை.

கூடப் படிக்கிறவர்களுக்காக நம் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். நம்முடையது சினிமாப் பாட்டுக் குழு. எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் தமிழிலும் மலையாளத்திலும் பாடுவோம். இங்கே அதற்குக் கானமேளை என்று பெயர். நீங்கள் கீபோர்டு, நான் பாட்டு. அக்கா ஜெயசீலி மேடைப் பக்கமே வரமாட்டாள். உங்களைக் கட்டிக்கொண்டு சமாளிப்பதே அவளுக்குப் போதுமான வேலையாக இருந்தது.

கானமேளைக்கு வருகிற ஜனத்துக்கு ஒரு குணம் உண்டு. தெரிந்த பாட்டு வேண்டும். கேஸட்டில் கேட்டபடி, கடைசிப் புல்லாங்குழல் வரைக்கும் அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் கூவுவார்கள். ஒருவன் பின்னாலிருந்து வாயில் கையை வைத்துத் தொடங்குவான், அவனைப் பார்த்து அடுத்தவன். அரை நிமிஷத்தில் மைதானமே கூவும். நம் தொழிலில் அதை வாங்காதவர் யாரும் கிடையாது.

நீங்கள் அதை வாங்கியது உங்கள் சொந்தப் பாட்டுக்கு. இருபது வருஷம் முன்பு, காஞ்சிரங்குளம் போகிற வழியில் ஒரு திருவிழா. மைக்கைப் பிடித்து, "அடுத்தது நான் உண்டாக்கின பாட்டு" என்று சொன்னீர்கள். உங்கள் குரல் அப்படி நடுங்கி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. 'ஈரக்குடை மடக்காதே, இன்னும் மழை தீரவில்லை' என்று நான் பல்லவியைத் தொடங்கினேன். இரண்டாம் முறை பாடுவதற்குள் கூவல் வந்துவிட்டது. "சொந்தப் பாட்டை வீட்டுல போய் படிடே" என்று ஒருவன் கத்தினான். நீங்கள் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினீர்கள். உடனே ஒரு சினிமாக் குத்துப்பாட்டை எடுத்தோம், கைதட்டினார்கள். 

பத்து நாள் கழித்துக் கோட்டுகாலில் ஒரு மேடை. என்னிடம்கூடச் சொல்லாமல் மைக்கை எடுத்து, "அடுத்தது ஈரக்குடை என்ற பழைய தமிழ்ப் படத்தில் இருந்து ஒரு பாட்டு" என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு படமே கிடையாது. அந்தப் பதற்றத்தில் இரண்டாம் இடையிசை முடியும் முன்பே வாயைத் திறந்துவிட்டேன், ஒரு முழுத் தாளச் சுற்று முன்னால். தப்பு என்று தெரிந்ததும் மைக்கிலேயே களுக்கென்று சிரித்துவிட்டேன். நீங்கள் சட்டென்று புல்லாங்குழல் சத்தத்தில் நாலு ஸ்வரத்தைத் தூவி என்னைக் காப்பாற்றினீர்கள். கதாநாயகியின் சிரிப்பு என்று ஜனம் நினைத்துக்கொண்டது. பாட்டு முடிந்ததும் 'வன்ஸ்மோர்' என்று கேட்டார்கள்.

"எட்டி, அந்தச் சிரிப்பை விட்டிராதே. சினிமாப் பாட்டுன்னு நம்பினதே அதுலயாக்கும்" என்று வேனில் சொன்னீர்கள். அன்றிலிருந்து என் தப்பு பாட்டின் பாகமாகிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் பாடும்போது வரிகளை மலையாளத்துக்கு மாற்றி, மலையாளப் படம் என்று சொல்வோம்; அடுத்த பாஷைப் படத்தை யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள். இரண்டு பக்கமும் நம்பினார்கள். நாமும் சிரித்துக்கொண்டோம்.

இப்போது நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது அத்தான். கூவினவர்களை விட்டுவிடுங்கள், உங்கள் மேல். பத்துப் பேர் கூவினதற்காக ஒரு மனுஷன் பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளை என்று சொல்வானா? நானும் அந்தப் பொய்க்குக் கூட நின்றேன். அதற்கு என்னை யார் கேட்பது?

போன மாதம் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. நமக்குத் தெரியாத வேறொரு குழு, நல்ல பிள்ளைகள், நம் பாட்டைப் பாடுகிறார்கள். பாட வந்த பெண் சொல்கிறாள்: ஈரக்குடை என்ற பழைய தமிழ்ப் படம், "சங்கீதம் ஆரெந்நு அறிஞ்ஞூடா". இசை யாரென்று தெரியாதாம். அதைவிடக் கொடுமை, இரண்டாம் இடையிசையில் அவளும் ஒரு சுற்று முன்னால் வாயைத் திறந்து, களுக்கென்று சிரித்தாள். என் தப்பைக்கூட மரியாதையாகக் கற்றுக்கொண்டு பாடுகிறவளுக்கு உங்கள் பெயர் தெரியவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் சொன்னால்தானே தெரியும்.

அந்த வாரமே நம் ஊர்த் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் சுகுமாரன் வீட்டுக்கு வந்தார். இந்த வருஷ மேடை நமக்கு, கட்டாயம் 'ஈரக்குடைப் பாட்டு' வேண்டும் என்றார். உங்கள் கீபோர்டில் இப்போது பாலராமபுரத்துப் பிரதீப் நிற்கிறான். பகலில் கைத்தறிச் சேலைக் கடையில் விற்பனை, சாயங்காலம் நம்மோடு. நல்ல விரல். ஆனால் நீங்கள் போன பிறகு நாங்கள் எடுக்காத பாட்டு, அவனுக்குத் தெரியாது; அந்த வீடியோவைப் பார்த்துப் பழகினாலும் பிரயோஜனம் இல்லை. கீபோர்டில் வயலின் சத்தம் வருகிற இடத்தைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். நீங்கள் பாட்டு எழுதிவைக்கிற நோட்டுப் புத்தகத்தைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

எடுத்தால், ஸ்வரமெல்லாம் முழுக்க மேற்கத்திய டோ ரே மீ. பள்ளிக் கொயர் பாட்டுக் குழுவில் படித்த எழுத்து உங்களை விடவேயில்லை. பிரதீப்புக்குக் கீபோர்டில் பிடிக்கிற கார்டு பெயர் தெரியும், இது தெரியாது. எனக்கும் கேள்வி ஞானம்தான். அப்போதுதான் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு அக்கா வந்தாள். கொயரில் அத்தனை வருஷம் ஆல்டோ என்ற கீழ்க்குரல் பாடினவள் அல்லவா. நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வயலின் வரியை ஒவ்வொரு எழுத்தாக வாயால் பாடிக் கொடுத்தாள். மூன்று சாயங்காலம் அப்படி நடந்தது. "இஞ்ச ஒரு கோடு போட்டிருக்காரு. மூச்சு விட்டுட்டுப் போணும் மக்கா" என்று பிரதீப்பைத் திருத்தினாள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு நீங்கள் ஒருநாளும் மேடைக்குக் கூப்பிடவில்லை, அதுவும் என் கணக்கில் இருக்கிறது.

மூன்றாம் நாள்தான் அக்கா பக்கத்தின் தலையைக் கவனித்தாள். முன்னும் பின்னும் உள்ள பாட்டுக்கெல்லாம் படத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயர் என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஈரக்குடைக்கு 'இசை' என்று எழுதி, புள்ளி வைத்து, மிச்ச இடத்தைக் காலியாக விட்டிருந்தீர்கள். யாரும் பார்க்காத சொந்த நோட்டில்கூட உங்கள் பெயரை எழுதக் கை வரவில்லையா அத்தான்?  அக்கா பிரதீப்பின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'ச. செல்வதாஸ்' என்று எழுதினாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன்.

"நான் மேடையில சொல்லப் போறேன் அக்கா, பாடுகதுக்கு முன்னால" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "வேண்டாம் எட்டி. உயிரோட இருந்தப்போ கூவினதையே அவரால தாங்க முடியல்ல. செத்தவரைக் கூவினா நான் எங்கயாக்கும் போய் நிக்கது? பாட்டை மட்டும் படி. முடிஞ்ச பிறகு வேணும்னா சொல்லு."

"பிறகு சொன்னா அது பயந்து சொல்லுகதாக்கும். நீயும் வந்து முன்னால இரி. எவனாவது கூவினா மைக்கில ரெண்டு வார்த்தை சொல்லுவேன், அது பள்ளியில சொல்லப்பிடாத வார்த்தையாக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் வருகிறேன் என்றாள்.

சுகுமாரனிடமும் சொல்லிவைத்தேன். அவர் பதறிப் போனார். "சேச்சி, அதொன்னும் பறயண்டா. பாடியா மதி" என்றார். ஒன்றும் சொல்ல வேண்டாம், பாடினால் போதுமாம். கமிட்டிக்காரர்களுக்குக் கூவல் என்றால் ஆகவே ஆகாது. நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அது பொய்தான். உங்களோடு இருந்து பழகிய பொய்.

இப்போதெல்லாம் பத்து மணிக்கு மைக்கை அணைத்துவிட வேண்டும், அதனால் ஆறரைக்கே தொடங்குகிறோம். நாலாவது பாட்டுக்கு மைக்கைக் கையில் எடுத்தேன். வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அக்கா முன்வரிசையில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு இருந்தாள். மைக் வேலை செய்கிறதா என்று இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். முப்பது வருஷம் மேடையில் நிற்கிற நான்.

"ஈரக்குடைன்னு ஒரு படமே கிடையாது" என்று சொன்னேன். "நாங்க இருபது வருசமா உங்ககிட்ட கள்ளம் சொல்லியாக்கும் பாடினது. இந்தப் பாட்டு உண்டாக்கினது பாறசாலை செல்வதாஸ், எனக்க அக்காவுக்க மாப்பிள்ளை. தனக்க பேரைச் சொன்னா நீங்க கூவுவீங்கன்னு பயந்து சினிமாப் பேரு சொன்னாரு. இப்ப அவரு இல்ல. கூவணும்னா என்னைக் கூவுங்க."

பின்னால் இரண்டு மூன்று பேர் கூவத்தான் செய்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.  வீம்புக்காக அவளைக் கொண்டுவந்து இப்படி உட்காரவைத்துவிட்டேனே என்று நினைத்தேன். அப்போது நடுவிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து கையை உயர்த்தினார்.

"பிள்ளே, அது சினிமாப் பாட்டாக்கும். நான் நெய்யாற்றின்கரையில தியேட்டர்ல பாத்த படமாக்கும். கதாநாயகி குடையைப் பிடிச்சிட்டு ஆத்தங்கரையில நிப்பா."

"முடிவு என்ன மாமா?" என்று மைக்கிலேயே கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது நான் இன்டர்வெல்லுக்கே எழும்பிப் போயிட்டேன்."

மைதானம் வெடித்துச் சிரித்தது. கூவினவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் விடவில்லை. "அப்ப நான் பாத்தது எந்தப் படம்?" என்று கேட்டார். "அது எனக்குத் தெரியாது மாமா. பாட்டு எனக்க அத்தானுக்கதாக்கும்" என்று சொல்லி, பிரதீப்பைப் பார்த்துத் தலையசைத்தேன்.

பிரதீப் அக்கா சொல்லிக்கொடுத்தபடி வயலின் வரியை முழுசாக வாசித்தான், மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு. நான் பாடினேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகப் பாடினேன். இரண்டாம் இடையிசையில் சிரிக்க வேண்டிய இடம் வந்தபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள் அத்தான். சரியாக அந்த இடத்தில், ஒரு சுற்று முன்னால், பத்து இருபது பேர் சேர்ந்து. நான் பாட்டை மேலே எடுத்துப் போனேன்.

முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. வன்ஸ்மோர் என்றார்கள். மறுபடி பாடுவதற்கு முன்னால் மறுபடி உங்கள் பெயரைச் சொன்னேன், இந்தத் தடவை பெயருக்கே கைதட்டினார்கள். சுகுமாரன் மேடை ஓரத்தில் நின்று, எல்லாம் தன் ஏற்பாடு என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். அந்தப் பெரியவர் அக்காவிடம் வந்து, "படமும் நல்ல படமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் எப்படியும் நம்பப் போவதில்லை.

கடைசியில் ஜனங்கள் விருப்பப் பாட்டு கேட்டு எழுதுகிற சீட்டுகள் மேடைக்கு வந்தன. ஒன்றில் மலையாளத்தில் ஒரே வரி. 'செல்வதாஸின்டெ வேறெ பாட்டு உண்டோ?' யார் எழுதினார்களோ தெரியாது. செல்வதாஸின் வேறு பாட்டு உண்டா என்று கேட்கிறார்கள். அக்காவைப் பார்த்தேன். சீட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. மைக்கில் சீட்டை வாசித்தேன். அவள் எழுந்து நின்று, மைக் இல்லாமல், அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "உண்டு" என்றாள்.

வயலின் வரி தேடும்போதே பெயரில்லாத வேறு பக்கங்களும் அவள் கண்ணில் பட்டிருக்கின்றன; வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினோம். பெயர் எழுதாத பக்கம் இன்னும் ஒன்பது இருக்கிறது. எங்களுக்குப் பாடிக்கூடக் காட்டவில்லை நீங்கள். ஒன்பதையும் அக்கா வாசித்துத் தருவாள், நான் மேடையில் பாடுவேன். இது வாக்கு அத்தான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் உங்கள் பெயரைச் சொல்வேன். கூவுகிறவன் கூவட்டும், உங்கள் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் கூவ முடியும்.

உங்கள் கொழுந்தியாளும் பாட்டுக்காரியுமான
ரெஜினா