பொட்டு வைத்த கீ

என் மச்சான் ஏழுமலைக்கு, அன்போடும் கொஞ்சம் வெட்கத்தோடும்,

போன வாரம் பஜாரில் நாலு பேர் பார்க்க என் மானம் போனது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அமாவாசைக்குப் படைக்கும்போது உன் அக்கா முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள், அதுவும் கண்ணு மூக்கு வைத்து.

நீ வாங்கி வைத்த கடைக் கம்ப்யூட்டர் ஒரு காலையில் கருகின வாசனை விட்டு நின்றுபோனது. அந்த நேரம் பார்த்துத் தொண்டூரிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். மகளுக்கு வேலைக்கு விண்ணப்பம், அன்றைக்கே போயாக வேண்டும். வேறு வழியில்லாமல் அவரைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கடை பாபுவிடம் போனேன். "ஒரு சிஸ்டம் குடுப்பா, அரை மணி நேரம்" என்று கேட்டு உட்கார்ந்தேன்.

இங்கிலீஷில் பெயரை அடித்தேன். அடுத்த வரிக்குப் போக, வழக்கம்போல இடது சுண்டு விரலால் தட்டினேன். போகவில்லை. பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் ஒரே வரியில் கூட்ஸ் வண்டி மாதிரி ஓடின. ஒரு தட்டுக்குக் கொட்டை எழுத்து, மறு தட்டுக்குப் பொடி எழுத்து. "உன் கீபோர்டு ரிப்பேருப்பா" என்றேன். பாபு வேறொன்று கொண்டுவந்து மாட்டினான். அதுவும் ரிப்பேர்.

"இன்னாண்ணே, எந்தக் கீ வேலை செய்யல?"

"அடுத்த வரிக்குப் போற கீதான். பொட்டு கீ. உன் கீபோர்டுல பொட்டு எங்கடா?"

கடை மொத்தமும் சிரித்தது. "ஊருக்கே அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கிற ஆளு, என்டர் எதுன்னு கேக்குறாரு" என்றான் பாபு. தொண்டூர்க்காரர் என் கையிலிருந்த காகிதங்களை மெதுவாக வாங்கி அவனிடம் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் எந்த இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன், மச்சான்? பத்தாம் வகுப்பையே பிடித்துப்போய் இரண்டு தடவை படித்தவன். மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்த என்னைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தவன் நீ. இடது பக்கத்தில் ஒரு கீயின் மேல் உன் அக்காவின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாய். "வரி முடிஞ்சா பொட்டைத் தட்டு மாமா. அவ்ளோதான் கம்ப்யூட்டர்" என்றாய். நானும் அவ்வளவுதான் கம்ப்யூட்டர் என்று இருந்துவிட்டேன். வலது பக்கம் பெரிதாக ஒரு கீ இருக்கும். மற்ற எழுத்தெல்லாம் தேய்ந்தும் அது மட்டும் புதுப்பெண் மாதிரி மினுமினுக்கும். அது எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

உன் மருமகள், என் மகள் திவ்யாதான் குட்டை உடைத்தாள். அவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, மச்சான். நீ கேட்டிருந்தால் பஜார் முழுக்க லட்டு கொடுத்திருப்பாய். கிளம்புவதற்கு முன்னால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, நீ போட்ட மாதிரியே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, பழைய டிஸ்க்கைத் திறந்து துழாவிக்கொண்டிருந்தாள்.

"நைனா, இங்க வா. இது மாமா வேலை. இதுக்குப் பேரு கேப்ஸ் லாக். எழுத்தைப் பெருசாக்கறது. அதை மாமா என்டரா மாத்தி வச்சிருக்காரு. நீ லாகின் பண்ணும்போதெல்லாம் இந்த ஃபைல் தானா ஓடும்."

"எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படித்தானே?"

"நீ சொல்ற அந்தப் பொட்டு கீ உலகத்துலயே நம்ம கடையில மட்டும்தான் நைனா."

ஃபைலைப் பார்த்தேன். நாலு வரி. கீக்கு ஒரு எண், பக்கத்தில் அது என்னவாக மாற வேண்டும் என்று. யாருக்காக, எதற்காக என்று ஒரு வார்த்தை கிடையாது. அதற்கும் மேலே, பத்து விநாடி தூங்கு என்று ஒரு கட்டளை.

"தூக்கம் எதுக்கும்மா?"

"லாகின் ஆனதும் டெஸ்க்டாப் தன்னோட கீபோர்டு செட்டிங்கை ஒரு தடவை போடும். அதுக்கு முன்னாடி இது ஓடுச்சுன்னா எல்லாம் அழிஞ்சிடும். அதான் பத்து செகண்ட் கழிச்சு ஓட வச்சிருக்காரு."

எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. "பாஸ்வேர்டு போட்டதும் கை வைக்காத மாமா. எழுந்துபோய்ப் புள்ளையாருக்கு ஊதுபத்தி ஏத்திட்டு வந்து உட்காரு, தொழில் விருத்தியாகும்" என்று சொன்னவன் நீதானே? கோயிலுக்குப் போனால் வாசலில் நின்று எங்கள் செருப்புக்குக் காவல் இருக்கிறவன். உனக்கு எங்கிருந்து பக்தி வந்தது என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? இத்தனை வருஷம் ஊதுபத்தி ஏற்றி, இரண்டு நிமிஷம் கண்ணை மூடி நின்றிருக்கிறேன். நீ பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாயா?

பிறகு திவ்யா சாதாரணமாகச் சொன்னாள்: "இந்தப் புது லினக்ஸ் மாமாவோட ஃபைலை மதிக்கவே மாட்டேங்குது. இதைத் தூக்கிடறேன் நைனா. வலது பக்கத்து என்டரையே பழகிக்கோ. அப்பதான் எந்தக் கடையில உட்கார்ந்தாலும் அடிக்கலாம்."

இங்கேதான் எனக்கு வியர்த்தது.

சீயமங்கலம் போகிற வழியில் வண்டி சாய்ந்ததே, நினைவிருக்கிறதா? கைக்கு ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். வலது கையில் கடைசி இரண்டு விரலும் அன்றையிலிருந்து மரத்துப்போனவை. வைத்தால் வைத்தது தெரியாது, தட்டினால் தட்டியது தெரியாது. டீசல் கட்டுப்படியாகவில்லை என்று வண்டியை விற்றேன். உன் அக்காவும் நம்பினாள். நீ மட்டும் மறு மாதமே கடைக்குக் கூப்பிட்டாய், பொட்டு ஒட்டினாய். எப்போது கண்டுபிடித்தாய்? டீ கிளாஸை நான் இடது கைக்கு மாற்றியபோதா? சில்லறை கீழே விழுந்தபோதா?

இப்போது திவ்யாவுக்கு இது தெரிந்தால் ஓசூர் அவ்வளவுதான். பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் வைத்துவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அவள் குணம் உனக்குத் தெரியாததா? அதனால் உன்னைத்தான் சாக்குச் சொன்னேன். "இருக்கட்டும்மா. மாமா ஞாபகமா இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். செத்தவனைக் காட்டினால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். நீ உதவினாய்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி உட்கார்ந்து வேறு ஏதோ ஒரு புரோகிராமைப் பிடித்துப் போட்டாள். மெஷின் எழும்போதே அதுவும் எழுந்துவிடுமாம். முன்பெல்லாம் பாஸ்வேர்டு அடித்துவிட்டு மவுஸைத் தேடிப்பிடித்துச் சொடுக்குவேனே, இனி அங்கேயே பொட்டைத் தட்டலாம். பத்து விநாடித் தூக்கமும் வேண்டாமாம். உன்னைவிடக் கெட்டிக்காரி, கோபித்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை புதுக் கீபோர்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பொட்டு இருந்தது. இன்னொரு பொட்டும் இருந்தது, இடது பக்கம் மேல் மூலையில்.

"இது இன்னாத்துக்கு?"

"அட்டையில ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, ஒட்டிட்டேன். தட்டிப் பாரு."

தட்டினேன். அடித்த எழுத்து அழிந்தது.

அழிக்கிற கீ வலது கோடியில் இருக்கும், மச்சான். இத்தனை நாள் கையைத் தூக்கி ஆள்காட்டி விரலால் கோழி கொத்துகிற மாதிரி கொத்திக்கொண்டிருந்தேன். அதை நீ கவனிக்காமல் விட்டுவிட்டாய். உன் மருமகள் விடவில்லை. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியும் விட்டாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பத்து விநாடி தேவையில்லை என்றாலும் ஊதுபத்தியை நிறுத்த மாட்டேன். பாஸ்வேர்டு போட்டதும் எழுந்துவிடுவேன். பிள்ளையாருக்கு ஒன்று, பக்கத்தில் மாட்டியிருக்கும் உனக்கு ஒன்று. உன் சிரிப்பை நீ அடக்கிக்கொண்டு இரு.

பஸ் நிறுத்தத்தில் திவ்யா, "கீபோர்டு எப்படி இருக்குது நைனா?" என்று கேட்டாள். "பரவாயில்ல, கை பழகிடும்" என்றேன். "உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?" என்று மட்டும் நான் அவளிடம் கேட்கவில்லை.

உன் அக்காவைக் கட்டிய மாமன்,
கோவிந்தன்,
செஞ்சி