இரவல் கேட்டு வா, டூயி

கட்லர் கிரீக், ஓக்லஹோமா
அக்டோபர் 14

அன்புள்ள கொழுந்தன் டூயிக்கு,

உன் அண்ணி நெவா எழுதுவது. இங்கே கோழிகள் சுகம், கூரை சுகம், என் வலது கட்டைவிரல் மூட்டு மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. அலாஸ்கா குளிரில் எண்ணெய்க் குழாய்களுக்கு நடுவே நீ சுகமாக இருக்க வேண்டும் என்று, சாப்பாட்டுக்கு முன் கண் மூடும்போதெல்லாம் உன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம். போனில் பேசினால் உன் அண்ணன் பக்கத்திலேயே இருப்பார். அதனால்தான் கடிதம்.

முதலில் பழைய சண்டையைத் தீர்த்துக்கொள்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு வாரத்துக்கு என்று வாங்கிப்போன அலுமினிய ஏணி எங்கே? அதற்கு முன் படகு. அதற்கும் முன் என் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த, வாஃபிள் சுடும் கல். உன்னிடம் கொடுத்த பொருள் கிணற்றில் போட்ட கல்தான். உன் அண்ணன் ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. நான் முணுமுணுத்தால், சின்னவன் கேட்டான் கொடுத்தேன், அதோடு விடு என்பார். அவர் கொடுத்து வளர்த்த பிள்ளை நீ, உன்னைச் சொல்லி என்ன பயன்?

இப்போது செய்தி. அறுபத்து நான்கு வயதில் நான் கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறேன். வீட்டில் வைக்க அல்ல, இடுப்பில் வைத்துக்கொள்ள. சிரித்து முடித்துவிட்டு மேலே படி. நாற்பத்தொரு வருடமாக உன் அண்ணன் வெர்லின் இடுப்பில் ஒன்று இருந்தது. ஒரு குடையில் இரண்டு பேர் போவதுபோல நானும் அதன் கீழேயே இருந்துவிட்டேன். எனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை பாஸ்டர் லோஃப்டிஸ் என்னுடைய பச்சைக் கண்ணாடிப் பாத்திரத்தை மேலே அலுமினியத் தாள் மூடித் திருப்பிக் கொண்டுவந்தார். முந்தின நாள் சபை விருந்துக்கு நான் கோழி நூடுல்ஸ் எடுத்துப்போன பாத்திரம். கையில் வாங்கினால் கனத்தது. மிச்சம் இவ்வளவா என்று கேட்டேன். மிச்சம் இல்லை, வெர்லினுடையது என்றார். ஆண்கள் கழிப்பறையில், காகிதச் சுருள் பெட்டியின் மேல் இருந்ததாம். பெல்ட்டைத் தளர்த்தும்போது எடுத்து வைத்திருக்கிறார், எழுந்து வந்துவிட்டார். இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் பயப்படும் தப்பு அது, தான் செய்வோம் என்று மட்டும் யாரும் நினைப்பதில்லை. அடுத்து உள்ளே போனவர் பாஸ்டராக இருந்தது தெய்வச் செயல். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வெளியே வரிசையில் நின்றிருந்தார்களாம்.

அவரிடம் நான் பேசட்டுமா, நீங்கள் பேசுகிறீர்களா என்று பாஸ்டர் கேட்டார். இப்போதைக்கு இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தோட்டாக்களைப் பித்தான் டப்பாவில் போட்டேன். துப்பாக்கியை அதே பாத்திரத்தில், அதே தாளை மூடி, சமையல் அலமாரியின் உச்சியில் வைத்தேன். தாள் மூடிய பாத்திரம் யாரோ ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியது, தொடக்கூடாது என்று நாற்பத்தொரு வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனையோ மறந்தவர் அதை மறக்கவில்லை.

ஆனால் காலையில் எழுந்ததும் பெல்ட்டில் துப்பாக்கி உறையைக் கோத்து மாட்டிக்கொள்கிறார். காலி உறை. சில நாள் அது தெரிந்து கொட்டகையெல்லாம் தேடுகிறார். பல நாள் தெரிவதே இல்லை. ஈனிட் ஊர் டாக்டர் தலையைப் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த வியாதியின் பெயரைச் சொன்னார். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. உனக்குப் புரியும், உங்கள் அப்பாவுக்கும் அதுதானே.

ஞாயிறு தோறும் சபையின் பின்வாசலில் நிற்பது உன் அண்ணன் வேலை, ஒன்பது வருடமாக. ஊர் ஊராகப் பிரார்த்தனை நேரத்தில் யாராவது புகுந்து சுடுகிற காலமாகிவிட்டது. முன்வாசலில் இரண்டு பேர், பின்வாசலில் வெர்லின். மே மாதத்துக்குப் பிறகு அங்கே இருந்தது ஒரு காலி உறையும் ஒரு நல்ல கைகுலுக்கலும் மட்டும்தான். பாஸ்டருக்கும் எனக்கும் அது தெரியும். அங்கிருந்து அவரை விலக்கினால் மனுஷன் உடைந்துபோவார், விலக்காவிட்டால் வாசல் திறந்து கிடக்கும். அதனால் அவர் பக்கத்தில் நானும் நிற்கிறேன் என்றேன். பாஸ்டர் தயங்கினார். ஐம்பது பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு இருபத்தாறு வருடம் பனிச்சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்கு ஒரு கதவோரம் நிற்கத் தெரியாதா என்று கேட்டேன். அப்புறம் சம்மதித்தார். நம் மாநிலத்தில் இப்போது உரிமம் வேண்டியதில்லை, ஆனாலும் வகுப்பை முடித்தவர்கள்தான் சபைக் காவலில் நிற்கலாம் என்பது அவர் விதி. நல்ல விதிதான்.

வகுப்பு எடுப்பது டிரெஸ்ஸா. சீட்டில் சூயிங்கம் ஒட்டியதற்காக ஒரு வருடம் முழுக்க என் பேருந்தில் முன் சீட்டில் உட்கார வைத்தேனே, அவளேதான். இப்போது என்னை முன் வரிசையில் உட்கார வைத்துப் பழி தீர்த்துக்கொண்டாள்.

செப்டம்பரில் கடைக்குப் போனோம், உன் அண்ணனும் கூட. கடைக்காரன் பிரான்ட் என்னைப் பார்த்ததுமே கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஊதா நிறத்தில் ஒன்றை எடுத்தான். குளியல் சோப்பு அளவுதான். கைப்பையில் இருப்பதே தெரியாது, பெண்களெல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றான். பின்கட்டில் சுட்டுப் பார்க்க இடம் இருக்கிறது, டிரெஸ்ஸாவும் வந்திருந்தாள். ஐந்து தடவை சுட்டேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தோல் உரிந்துவிட்டது. கழுதை உதைத்தால்கூடச் சொல்லிவிட்டு உதைக்கும். சின்னதாகவும் லேசாகவும் இருந்தால் உதை முழுக்கக் கைக்கு வரும், கனம் இருந்தால் பாதியைத் துப்பாக்கியே வாங்கிக்கொள்ளும் என்று டிரெஸ்ஸா சொன்னாள். பெண்களுக்குக் குட்டி என்று யார் முதலில் சொன்னார்களோ, அவர்களையே அதைக் கையில் பிடித்து ஐம்பது தடவை சுடச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஐந்து குண்டு ரிவால்வர். தோட்டா ஏற்ற மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்கும் வேலை இல்லை, கட்டைவிரலுக்கு நிம்மதி என்று நினைத்தேன். விசை அவ்வளவு கடினம், அழுத்தி முடிப்பதற்குள் குறி விலகி, குண்டு குறித்தாளை விட்டு அதைத் தாங்கும் மரக்காலில் போய்ப் பட்டது. மூன்றாவது நல்ல துப்பாக்கிதான், ஆனால் அதன் மேல்பாகத்தை இழுக்க எனக்கு இரண்டு கட்டைவிரல் போதவில்லை. நான்காவதை வெர்லின்தான் எடுத்துக் கொடுத்தார். நடுத்தர அளவு, ஒன்பது மில்லிமீட்டர். மேல்பாகம் வெண்ணெய் டப்பா திறப்பதுபோல வந்தது. என் சுண்டுவிரலுக்குக்கூடப் பிடியில் இடம் இருந்தது. பத்துத் தோட்டாவும் குறித்தாளில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்துக்குள் விழுந்தன. சுட்டு முடித்துக் கீழே வைத்தபோது எனக்கு முப்பது வயது குறைந்திருந்தது, பொய் சொல்லவில்லை.

அன்றைக்கு உன் அண்ணனை நீ பார்த்திருக்க வேண்டும். முந்தின இரவு என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றையும் வாங்கி, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, குழல் வாயைத் தரைப்பக்கம் காட்டி, பிடியை என் பக்கம் நீட்டினார். ஒன்றில் சுருள்வில் தளர்ந்திருக்கிறது என்றார். பிரான்ட் பிரித்துப் பார்த்தான், தளர்ந்துதான் இருந்தது. அவனுக்கு ஒரே மரியாதை. நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள் ஐயா என்று கேட்டுவிட்டான். வெர்லின் கை இடுப்புக்குப் போயிற்று. காலி உறையைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார். வண்டியில வெச்சிட்டேன்போல என்றார். ஆமா, வண்டியிலதான் இருக்கு என்றேன். நாற்பத்தொரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் எண்ணலாம், அது ஒன்று.

பக்கவாட்டில் ரகசிய அறை வைத்த கைப்பை ஒன்றையும் பிரான்ட் விற்கப் பார்த்தான். வேண்டாம் என்றேன். கீழே வைக்க முடிகிற எதையும் ஒரு நாள் கீழே வைத்துவிட்டு வந்துவிடுவோம், அது எனக்கு வீட்டுப்பாடம். வயிற்றோடு சுற்றிக்கட்டும் பட்டை வாங்கினேன், அதற்குள் கெட்டியான உறை. மேலே கம்பளிச் சட்டை போட்டால் யாருக்கும் தெரியாது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், கழிப்பறையிலும் அது உடம்போடுதான் இருக்கும், உட்காரும்போதும் எழும்போதும். வீட்டுக்கு வந்ததும் என் கைரேகைக்கு மட்டும் திறக்கும் சின்னப் பெட்டிக்குள் போய்விடும். எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறேன் டூயி. இந்த விஷயத்தில் உன் அண்ணியைப் பற்றிக் கவலைப்படாதே.

இங்கே நிறுத்திவிட்டுக் கோழிக்குத் தீனி போட்டு வந்தேன். இன்னும் ஒன்று எழுத வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு காலை, தூறல். அவருடைய மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு முட்டை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் வலைக்கதவுக்கு உள்ளே நின்றிருந்தார். கை இடுப்பில் இருந்தது. மரியாதையாகத்தான் கேட்டார்.

"யாரும்மா நீ? உனக்கு என்ன வேணும் இங்க?"

முட்டைக் கூடையை உயர்த்திக் காட்டினேன். முக்காட்டை இறக்கினேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் கதவைத் திறந்துவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு அழுதார். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? அப்புறம் முட்டை பொரித்தேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம். அன்றைக்கு உறை காலியாக இருந்தது, நான் உயிரோடு இந்தக் கடிதம் எழுதுகிறேன்.

ஆனால் படுக்கையறை இரும்புப் பெட்டியில் ஒன்பது துப்பாக்கிகள் இருக்கின்றன. உங்கள் அப்பாவின் மான் துப்பாக்கி உட்பட. அதைத் திறக்கும் எண் எனக்குத் தெரியாது. அவரையே கேட்டாலும் சொல்லத் தெரியாது, ஆனால் பெட்டிக்கு முன் உட்கார்ந்தால் விரல் தானாகச் சுழற்றித் திறந்துவிடுகிறது. போன வாரம்கூடத் திறந்து எண்ணெய் போட்டு வைத்தார்.

கடையிலிருந்து திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். தானியக் கிடங்கைத் தாண்டியதும், பழைய வெர்லினாகவே பேசினார். ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

"நெவா, என் துப்பாக்கி இந்த வண்டியில இல்ல. நாலஞ்சு மாசமா எங்கயும் இல்ல. நீதான் எடுத்து வெச்சிருக்க. வெச்சது சரிதான். பெட்டியில இருக்கறதும் போகணும். ஆனா உன் கையில குடுக்க மாட்டேன். குடுத்தா உன் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் அதான் தோணும். பாஸ்டர் கேட்டாலும் முடியாதும்பேன். டூயி கேட்டா குடுப்பேன். அவன் கேட்டு நான் இல்லன்னு சொன்னதே இல்ல. அவன் வாங்கிட்டுப் போனா எதுவும் திரும்பியும் வராது."

சொல்லிவிட்டு, அந்த ஏணியை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நம் வாசலுக்கு வந்தபோது, தன் மடியில் இருந்த புதுத் துப்பாக்கிப் பெட்டியைக் காட்டி இது யாருக்கு என்று கேட்டார். எனக்கு வாங்கியது என்றேன். திறந்து பார்த்துவிட்டு, நல்லதாப் பாத்து வாங்கியிருக்க என்றார்.

நேற்று முதல் தடவையாகப் பின்வாசலில் இரண்டு பேரும் நின்றோம். வருகிறவர்களின் பெயரை நான் மெதுவாகச் சொன்னேன், அவர் சத்தமாகச் சொல்லிக் கை குலுக்கினார். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குப் புதிதாகப் பழக்கிக் கொடுப்பதாக அவர் எல்லோரிடமும் சொன்னார். அதில் பொய்யும் இல்லை.

நவம்பரில் உனக்கு விடுப்பு வந்து கைமன் ஊரில் இருக்கும் உன் வீட்டுக்குத் திரும்புவாய் அல்லவா, நேராக இங்கே வா. மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாளே வா. பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டு வராதே, அவர் கண்டுபிடித்துவிடுவார். எப்போதும்போல வெட்கமில்லாமல் கேள். கூட வேலை செய்கிறவர்கள் பத்துப் பேர் வேட்டைக்கு வந்திருக்கிறார்கள், ஒருவனிடமும் துப்பாக்கி இல்லை என்று அளந்துவிடு. ஒன்பதையும் கேள். துடைத்து வைக்கத் தெரியாதவன் என்று திட்டுவார், கேட்டுக்கொள். நீ கிளம்பும்போது வழிச்சாப்பாடு என்று தாள் மூடிய ஒரு பச்சைப் பாத்திரம் தருவேன். அதை வழியில் திறக்காதே.

ஏணியை நீயே வைத்துக்கொள். படகையும் வைத்துக்கொள். வாஃபிள் கல்லை மன்னித்துவிட்டேன். உன் வாழ்நாளில் ஒரு பொருளையும் நீ திருப்பித் தந்ததில்லை. இத்தனை வருடம் அதற்காக உன்னைத் திட்டியவளே கேட்கிறேன், இந்த வயதில் திருந்திவிடாதே.

பனியில் பார்த்து நட. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவரட்டும்.

உன் அண்ணி,
நெவா

பி.கு. நீ வருகிற அன்று அவருக்கு உன்னை அடையாளம் தெரியாமல் போகலாம். பயந்துவிடாதே, பெயரைச் சொல்லவும் வேண்டாம். வாசலிலேயே நின்று எதையாவது இரவல் கேள். தெரிந்துவிடும்.