தையல் வகுப்பின் குறிப்புப் பக்கம்

என் கண்ணுக்கு,

மாப்பிள்ளை உன் போனைப் பார்ப்பார் என்பதால், நாம் சேர்ந்து படிக்கும் இணையத் தளத்தில், தையல் வகுப்பின் குறிப்புப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். பொத்தான் தைப்பதை அவர் எங்கே படிக்கப் போகிறார்!

அதில் நம் இருவருக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல் என்பதால், நீ சேரும் பாடமெல்லாம் எனக்கும் தெரியும். என் வரவுசெலவுப் பாடத்துக்குப் பக்கத்தில் உன் ஓவியப் பாடம் இருந்தவரை நிம்மதியாக இருந்தேன். போன மாதம் முதலுதவி வந்தது. பிறகு குடும்பச் சட்டம். நேற்று தற்காப்பு.

"உன் பொண்ணு டாக்டருக்கும் வக்கீலுக்கும் சேர்த்தே படிக்கிறாளா?" என்று அப்பா சிரித்தார். முதலுதவியில் நீ வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுப்பதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பதைக் காட்டினேன். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

போனில் கேட்டால், "படியில வழுக்கிட்டேம்மா, வேற ஒண்ணுமில்ல" என்கிறாய். பின்னாலேயே மாப்பிள்ளையின் குரல்: "அத்தைகிட்ட அப்படி என்ன ரகசியம்?" நீ உடனே வைத்துவிடுகிறாய். பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் எனக்குப் பாதியிலேயே வார்த்தை நின்றுவிடுகிறது.

நீ வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம். தோட்டக்கலைப் பாடத்தில் சேர்ந்துவிடு, அது போதும். பார்த்த நிமிடமே நானும் அப்பாவும் கிளம்பிவிடுவோம். உன்னை அழைத்துக்கொண்டுதான் திரும்புவோம்.

படித்ததும் இதை அழித்துவிடு. அழிந்திருந்தால், நீ படித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன். அழித்தது நீயாகவே இருக்க வேண்டும் என்றுதான் கடவுளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியைக் கட்டி வைத்திருக்கும்
உன் அம்மா